'இன்ஃபர்மேஷன்ஸ்' ஏன் தப்பு?

வேலை விண்ணப்பத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியதை ஒருவர் அடித்துத் திருத்தினார், காரணம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 'அட்வைசஸ்' என்று எழுதியதும் அப்படித்தான் ஆனது என்றீர்கள்.

நீங்கள் தடுமாறியது இயல்புதான். தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலமோ இவற்றைத் தண்ணீர், மணல் மாதிரி எண்ண முடியாதவையாகப் பார்க்கிறது. அதனால் கடைசியில் 'எஸ்' சேராது, முன்னால் 'ஒரு' என்ற பொருள் தரும் 'ஆன்' (an) வராது, வினையும் ஒருமைதான்: 'தி இன்ஃபர்மேஷன் இஸ் கரெக்ட்'. எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்'. கவனித்தீர்களா, பன்மை 'பீஸ்' மேல் ஏறிவிட்டது. இன்ஃபர்மேஷன் அப்படியே இருக்கிறது. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் இதே கூட்டம்.

இதற்கு நேர் எதிரான இடறலும் உண்டு. தமிழில் 'பத்து புத்தகம்' என்றாலே போதும், எண்ணே பன்மையைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'டென் புக்' செல்லாது, 'டென் புக்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். அப்புறம், 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதிவிடாதீர்கள். பல நண்பர்களில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்'. வினை மட்டும் அந்த ஒருவருக்காக ஒருமையில் வரும்.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைப் பாருங்கள். எண்ண முடியாத சொல்லுக்குப் பக்கத்தில் 'அன்கவுண்டபிள்' என்றோ, அதன் முதலெழுத்தான வெறும் 'யு' என்றோ போட்டிருக்கும். சில சொற்களுக்கு எண்ணலாம், எண்ண முடியாது என்ற இரண்டு குறிப்பும் இருக்கும்: 'பேப்பர்' காகிதம் என்றால் எண்ண முடியாது, செய்தித்தாள் என்றால் தாராளமாக 'பேப்பர்ஸ்'.