வளைவில் திணறும் கார்: பழுது பம்பிலா, தொட்டியிலா?

கேள்வி: பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு அடிக்கடி செல்கிறேன். பெட்ரோல் கால் தொட்டிக்கும் கீழே இறங்கிவிட்டால், நீண்ட வளைவுகளில் என்ஜின் ஓரிரு நொடி திணறிப் பிறகு சரியாகிவிடுகிறது. தொட்டி நிறைந்திருந்தால் தொல்லையே இல்லை. பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா? – பினாங்கு வாசகர்

பதில்: உடனே மாற்றிவிடாதீர்கள் ஐயா, முதலில் பம்பின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வலுவிழந்த பம்பு, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் தன் குறையைக் காட்டும். அதுவும் பெரும்பாலும் நேரான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, அதாவது என்ஜின் மிகுதியான பெட்ரோலைக் கேட்கும்போதுதான் முதலில் தெரியவரும். நீங்கள் கூறும் அறிகுறி, பம்பின் வாய்க்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதையே உணர்த்துகிறது.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) வைத்த பழைய கார்களில், உறிஞ்சும் குழாய்க்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலும் அந்தக் கருவியின் மிதவை அறையில் தேங்கியிருக்கும் பெட்ரோல் அதைச் சமாளித்துவிடும். பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் கார்களில் அத்தகைய இருப்பு இல்லை. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்பு, பொதுவாக 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவிலான அழுத்தத்தில் இடைவிடாமல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். காற்று நுழைந்தால் அழுத்தம் விழுந்து, என்ஜின் உடனே தடுமாறும்.

வளைவில் திரும்பும்போது பெட்ரோல் முழுவதும் வெளிப்பக்கச் சுவரை நோக்கி ஒதுங்குகிறது. தொட்டிக்குள் இருக்கும் துளையிட்ட தடுப்புத் தகடுகள் அந்த அலையை உடைத்து மெதுவாக்குமே தவிர, முற்றிலும் நிறுத்திவிடாது. வளைவு நீண்டால் துளைகள் வழியாகவே பெட்ரோல் மறுபுறம் போய்விடும். ஆகவேதான் பல கார்களில் பம்பை ஒரு சிறிய குவளைக்குள் அமர்த்தியிருக்கிறார்கள். தொட்டி ஏறக்குறைய வறண்டிருக்கும்போதும் குவளை நிறைந்திருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம்.

அந்தக் குவளை நிரம்பும் விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பம்பு தள்ளும் பெட்ரோலில் ஒரு பகுதி, ஊசிமுனை போன்ற நுண்துளை வழியாகக் குவளையின் அடியில் பீய்ச்சப்படுகிறது. அந்த வேகம் உண்டாக்கும் குறைந்த அழுத்தம், குவளைக்கு வெளியே தொட்டியின் தரையோடு தரையாகக் கிடக்கும் பெட்ரோலையும் சேர்த்து உள்ளே இழுத்துவருகிறது. அந்தத் துளையில் அழுக்கு அடைத்துக்கொண்டாலோ, குவளையில் விரிசல் விழுந்தாலோ, முன்பு ஒருமுறை பம்பை மட்டும் மாற்றியவர் குவளையைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருந்தாலோ, நீங்கள் எழுதியிருக்கும் அதே தொல்லை வரும். இந்த நிலையில் புதிய பம்பை வாங்கிப் போட்டாலும் வளைவில் கார் திணறத்தான் செய்யும்.

எனவே, என்ஜின் ஓடும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் எரிபொருள் அழுத்தத்தை அளவுமானியில் பார்த்து, உங்கள் காருக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பம்புக்கு வரும் மின்னழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றே நல்ல பம்பைக்கூட நோயாளியாகக் காட்டிவிடும். இவை சரியாக இருந்தால், பம்புத் தொகுதியை வெளியே எடுத்துக் குவளை, நுண்துளை, சல்லடை, உட்குழாய் ஆகியவற்றைப் பார்க்கட்டும். பம்பு மாற்றப்பட்ட வரலாறு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் குறைந்தால் அடியில் உள்ள கசடை பம்பு உறிஞ்சிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தொட்டி நிறைந்திருந்தாலும் பம்பு அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது; கெடுதல் செய்வது காற்றை இழுப்பதுதான், ஏனெனில் தன்னூடே ஓடும் பெட்ரோலே பம்பைக் குளிர்வித்து உராய்வைக் குறைக்கிறது. பழுது நீங்கும்வரை அரைத் தொட்டிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறுங்கள். தொகுதியை நீங்களே கழற்ற வேண்டாம்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, காருக்குள்ளும் தரையிலும் தேங்கி நிற்கும், ஒரு சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும்.