கிழங்குத் தோட்டத்திலிருந்து கென்யா வரை: உங்கள் மகளுக்குப் பொருந்துவது எந்த வேலை?

பிளஸ் 2 உயிரியல் படிக்கும் மகள், வெளிநாட்டில் சிறு விவசாயிகளுக்கான வளர்ச்சித் திட்டங்களில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். பச்சைத் தேயிலைக்கே விலையில்லாத காலத்தில் இது சரிப்படுமா என்று கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

சரிப்படும் அம்மா. ஆனால் அது ஒரே வேலை அல்ல. முட்டைக்கூடு நூற்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் இந்தப் புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. கென்யாவில் 2015-இல் கண்டறிந்தார்கள். இதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகத்தை உருவாக்குபவர் ஒருவர். கிழங்கை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று ஆண்டு கோஸ், கேரட், பூண்டு போடுங்கள் என்று விவசாயியை இணங்க வைப்பவர் இன்னொருவர். நல்ல விதைக்கிழங்கு நடவுக்கு முன் சிறு விவசாயி கைக்குப் போய்ச் சேர வழி செய்பவர் வேறு. இதெல்லாம் யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று கணக்கெடுப்பவர் மற்றொருவர். மகள் இவர்களில் யார் என்பது தெரிந்த பிறகு கல்லூரியைப் பேசலாம்.

அதைத் தெரிந்துகொள்ள விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். ஊரில் காய்கறி போட்ட 15 வீடுகளுக்குப் போகட்டும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள்: எத்தனை சென்ட், எந்தப் போகம், விதை எங்கே வாங்கியது, எவ்வளவு, உரம், மருந்து எத்தனை முறை, எத்தனை மூட்டை எடுத்தது, மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை போனது. பதிவு செய்ய கோபோ என்ற இலவசச் செயலி போதும். வளர்ச்சி நிறுவனங்கள் பலவும் களத்தில் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

பிழை வருவது அளவில். ஒரு வீட்டில் மூட்டை 45 கிலோ, அடுத்த வீட்டில் 50. எடை போட்டுப் பார்க்காமல் கூட்டினால் கணக்கே பொய். விலை கேட்டால் நல்ல விலை போன ஒரு நாளைத்தான் பலரும் சொல்வார்கள். மண்டி பில்லைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆண்களிடம் மட்டும் கேட்டால் பெண்கள் செய்யும் களையெடுப்பும் அறுவடையும் கணக்கில் வராது.

மகள் எதில் நேரம் போவது தெரியாமல் இருந்தாள் என்று கவனியுங்கள். ஒரு பாத்தி மட்டும் ஏன் மஞ்சளடித்தது என்று செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் ஆய்வு அவளுக்கானது. முதுநிலை, முனைவர் பட்டம் என்று நீண்ட படிப்பு. லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவிலுள்ள, மானாவாரிப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு மையமான இக்ரிசாட் போன்றவை அந்த வழியில் வரும். கேட்க வேண்டிய கேள்வியை விட்டு வீட்டார் கதையெல்லாம் கேட்டு வந்தால் வேளாண் விரிவாக்கம், அதாவது புது முறைகளை விவசாயியிடம் பேசிக் கொண்டு சேர்க்கும் வேலை. படுகு, தமிழ், கன்னடம், மலையாளம் என்று மாறி மாறிப் பேசி வளரும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு இதில் பெரும் பலம் உண்டு. பிரெஞ்சும் கற்றால் மேற்கு ஆப்பிரிக்கத் திட்டங்களுக்கு உதவும். மண்டி விலையில் மனம் போனால் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள இர்மா கல்வி நிறுவனத்தில் ஊரக மேலாண்மை. அட்டவணையை மூன்று முறை சரிபார்த்தால் வேளாண் பொருளியல், புள்ளியியல்.

முதல் மூன்றில் எதுவானாலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 4 ஆண்டுப் பட்டம் நல்ல அடித்தளம். நான்காவதற்கும் அது போதும். பிளஸ் 2 மதிப்பெண்தான் கணக்கு, நீட் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவியென்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பட்டம் வாங்கிய கையோடு ரோமிலுள்ள ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓவுக்கு விண்ணப்பம் போட்டு, பதில் வராமல் சோர்ந்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் கள அனுபவத்தைக் கேட்பார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டு இங்கேயே, வேளாண் அறிவியல் நிலையத்திலோ தொண்டு நிறுவனத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ வேலை செய்யட்டும். வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கான ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு தரும் உதவித்தொகைக்கே குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் திட்ட ஒப்பந்தம். நிதி முடிந்தால் வேலையும் முடியும். அரசு வேலையின் நிலைத்தன்மையை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு இது கடினம். ஐ.நா. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், ஐ.நா. அமைப்புகள் ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.