விலக்கு மகனுக்குத்தான், உங்களுக்கு இல்லை

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் வாட்ஸ்அப் குழுவில், வகுப்பு மாணவி ஒருத்தியின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி யாரோ போட்டிருக்கிறார்கள். இவன் யாருக்கும் அனுப்பவில்லை. வெளியே சொன்னால் 'காட்டிக்கொடுத்தவன்' ஆகிவிடுவேன் என்கிறான். இவன் மேல் வழக்கு வருமா?

பதில்: புகார் சொல்லாமல் இருந்ததற்காக வராது. குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவு. ஒட்டுவேலைப் படமும் 2019 திருத்தத்திலிருந்து இதில் அடக்கம். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் 21(3) பிரிவு விலக்கு தருகிறது.

அந்த விலக்கு அவனுக்குத்தான். அவன் சொன்ன நிமிடமே நீங்கள் 'தெரிந்தவர்' ஆகிவிட்டீர்கள். உங்கள் கணவரிடம் சொல்லியிருந்தால் அவரும். ஆகவே நீங்களே புகார் கொடுங்கள்; அவனுடைய சங்கடமும் பாதி தீரும். இன்னொன்று, மௌனத்துக்குத்தான் விலக்கு. ஒருவருக்கு அனுப்பியிருந்தாலும் கதை வேறு.

'ஆதாரம்' என்று படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், தலைமை ஆசிரியர் கேட்டாலும் சரி. இப்படித்தான் ஒரு அம்மா என் மேசையில் படத்தைத் திறந்து வைத்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தேன். குழுவின் பெயர், போட்டவரின் எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர், பையன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் வருவார். எஃப்.ஐ.ஆரே போடாத வழக்கிலிருந்து எந்தப் பெயரை எடுக்கப்போகிறார்? பணம் கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார். "உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்னும் பள்ளி நிர்வாகத்தையும் நம்பாதீர்கள். தெரிந்தும் புகார் தராவிட்டால் அவர்களுக்கும் தண்டனை உண்டு; குற்றம் செய்தவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் என்றால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை.

ஸ்டேஷனில் "சைபர் கிரைமுக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் மகளிர் ஸ்டேஷனைக் கை காட்டுவார்கள். இருபது வருடமாக இதே பாட்டு. நகராதீர்கள், புகாரைப் பதியாவிட்டால் அவர்களுக்கும் அதே 21ஆம் பிரிவுதான். தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

இன்றைக்கே அந்தப் பெண்ணின் அம்மாவை நேரில் பாருங்கள். படத்தைக் காட்டாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். பெண்ணின் வாக்குமூலத்தைப் போலீஸ் வீட்டிலேயே வாங்கலாம், வரும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். பெண்ணை ஸ்டேஷன் படி ஏற்ற வேண்டுமே என்று பயந்துதான் பலர் பின்வாங்குகிறார்கள்.