முன் டயர் அகலமா, பின் டயர் அகலமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 29 அங்குலச் சக்கரம் கொண்ட ஹார்ட்டெய்ல் சைக்கிள், முன்னால் மட்டும்தான் ஷாக். ஏற்றம், வேர், சரளை எல்லாம் கலந்த கிராஸ்-கன்ட்ரி பாதைகளில் ஓட்டுகிறேன். இரண்டு சக்கரத்திலும் 2.25 அங்குல அகல டயர், தேய்ந்துவிட்டன. “பின்னால் 2.1 போடு, வேகம் கூடும்” என்கிறார் ஒரு நண்பர். “இப்போது எல்லோரும் 2.4தான், இரண்டுக்கும் அதையே வாங்கு” என்கிறார் இன்னொருவர். என் எடை 68 கிலோ, ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ., டியூப்லெஸ். எதை வாங்கலாம்?

பதில்: முன்னால் 2.35, பின்னால் 2.25. இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒரு சின்ன அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வளைவில் பின் டயர் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும்; இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது, தோள் மண்ணில் இருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால்தான் சாய்கிறது. ஆகவே அகலத்துக்கும் பிடிப்புக்கும் செலவழிப்பதை முன் டயரில் செலவழியுங்கள். முன்னால் ஓரத்து ரப்பர் பட்டன்கள் உயரமாகவும், பின்னால் நடுப்பட்டன்கள் நெருக்கமாகவும் தாழ்வாகவும் இருந்தால் நல்லது. நெருக்கமாக இருந்தால் உருள்வது லேசாக இருக்கும்.

முதல் நண்பர் சொல்வது பழைய கணக்கு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது சக்கரம் 26 அங்குலம், டயர் 2 அங்குலத்தை ஒட்டி. காற்றைக் கல் மாதிரி அடைத்துக்கொண்டு போனார்கள். வழவழப்பான தரையில் அது ஓடும். கல்லும் வேரும் உள்ள பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்குக்கூலி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. கொஞ்சம் அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் கல்லை டயரே உள்வாங்கிக்கொள்ளும். போதாததற்கு, உங்கள் சைக்கிளில் பின்பக்கம் இருக்கும் ஒரே ஷாக் அந்த டயர்தான். 2.1 போட்டால் மிச்சமாவது சில பத்து கிராம், கூலி கொடுப்பது முதுகு.

சரி, அப்படியானால் பின்னாலும் 2.4 ஏன் கூடாது? கூடாது என்றில்லை, இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓடும் இரண்டு குழாய்களும் டயரை மிக நெருங்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சை ஒட்டியே இருக்கும். அங்கே 6 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவி) டயருக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்து, சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். இரண்டு பக்கமும் எங்கும் உரசாமல் போக வேண்டும். 2.25 என்றால் சுமார் 57 மி.மீ., 2.4 என்றால் 61. ஆக, மாற்றினால் பக்கத்துக்கு 2 மி.மீ. போய்விடும். புது டயர் காற்றடித்து சில நாளில் இன்னும் சற்று விரியும். இவ்வளவும் கழித்த பிறகும் 6 மி.மீ. மிஞ்சினால் தாராளமாகப் போடலாம். ஃபிரேம் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவையும் தாண்டாதீர்கள்.

நான் ஒருமுறை இந்த ஆலன் கீ வேலையைச் செய்யாமல் 2.4 போட்டேன். வீட்டில் சுற்றிப் பார்த்தபோது அருமையாகச் சுழன்றது. ஈரமண் ஒட்டிய முதல் நாளே உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். வந்து கழுவிப் பார்த்தால் குழாயில் பெயின்ட் போய் உலோகம் பளபளத்தது.

முன்னால் இடப் பிரச்சினை குறைவு, ஆனாலும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. உங்கள் 25 மி.மீ. ரிம்மில் 2.4 ஏறும். ஆனால் இப்போது வரும் 2.4 டயர்கள் பல 30 மி.மீ. ரிம்மை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒடுங்கிய ரிம்மில் அவை பல்பு போல உருண்டு, வளைவில் பக்கவாட்டில் நெளியும். 2.35 என்று சொன்னதன் காரணம் அதுதான்.

காற்று: முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 22 என்று ஆரம்பியுங்கள். உட்கார்ந்து ஓட்டும்போது பின்னால் எடை அதிகம் என்பதால் எப்போதும் ஓரிரண்டு கூடுதல். ரிம் கல்லில் ‘டக்’ என்று இடித்தால் ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். டியூப் போட்டு ஓட்டுகிறவர்கள் இவ்வளவு குறைக்கக் கூடாது. டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

கேள்வி: ஒரே 2.25 என்று போட்டிருந்தும் இரண்டு கம்பெனி டயர்கள் ஒரே அகலத்தில் இல்லையே?

பதில்: இருக்காது. டயர் பக்கவாட்டில் 57-622 என்று ஓர் எண் இருக்கும்: முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கில். 622 பொருந்தியே ஆக வேண்டும். 57 என்பது ரிம்மைப் பொறுத்து ஓரிரு மி.மீ. கூடக் குறைய வரும். அகலமான ரிம்மில் அதே டயர் அகலமாகும்.

கேள்வி: பின் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். பின்னாலேயே போட்டுவிடவா?

பதில்: வேண்டாம். புதியது முன்னால், முன்னால் இருந்தது பின்னால். அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். சில டயர்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அம்பு இருக்கும். முன்னால் இருந்தது அகலமான டயர் என்றால், மாட்டிய கையோடு அந்த 6 மி.மீ. ஆலன் கீயை மறுபடி எடுங்கள்.