விரலிடுக்கில் போட்ட கம்பி எப்போது ஆறும்?

கேள்வி: எனக்கு 24 வயது. ஏழு வாரத்துக்கு முன்னால் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பியர்சிங் செய்துகொண்டேன். முதல் இரண்டு வாரம் நல்ல வீக்கம், பிறகு வடிந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் இரண்டு முனையிலும் வெளிர்மஞ்சளாகப் பொருக்கு கட்டுகிறது. உள்ளங்கைப் பக்கத் துளையை ஒட்டி மிளகளவு சிவந்த புடைப்பு ஒன்று இருக்கிறது. கம்பி முன்பைவிட நீளமாகத் தெரிவதுபோலவும் தோன்றுகிறது. தோழி ஸ்பிரிட் வைத்துத் துடைக்கச் சொல்கிறாள். அம்மா கழற்றி எறியச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இது எப்போது ஆறும்?

பதில்: தோழி சொல்வது வேண்டாம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்வதைத்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி, கம்பி நீளமாகத் தெரிகிறது என்பது. கம்பி வளராது. ஆகவே காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். குத்தும்போது வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமான கம்பிதான் போடுவார்கள். வீக்கம் வடிந்ததும் மிச்சம் வெளியே தெரியும். அப்படியென்றால் பயமில்லை. இன்னொன்று, கம்பியை மூடியிருக்கும் தோல் குறைந்துகொண்டு வருவது. விரலிடுக்கில் இது அடிக்கடி நடக்கிறது.

ஏன் என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள், அந்த இடுக்கு இழுபட்டு மெல்லிசாகும். விரலைச் சேர்த்தால் மடிந்து சுருங்கும். பேனா பிடிக்க, போன் பிடிக்க, கதவைத் திறக்க, பொத்தான் போட என்று விடிந்ததிலிருந்து இதே வேலைதான். காதுமடலில் குத்தினால் அது சும்மா கிடக்கும். துளையின் இரண்டு வாயிலிருந்தும் புதுத்தோல் உள்ளே வளர்ந்து, குழாய்போல ஓர் உள்பூச்சு உருவாகும். அதுதான் ஆறிய துளை. விரலிடுக்கில் அந்தப் பூச்சு வளர வளரக் கிழிகிறது. ஆற முடியாத இடத்தில் உடம்புக்குத் தெரிந்த வழி, முள் தைத்தால் செய்கிற மாதிரி, அந்நியப் பொருளை மெல்ல மேல்நோக்கித் தள்ளிவிடுவது.

எது நடக்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். கையை மேசைமேல் ஒரே மாதிரி வைத்து, இரண்டு துளைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படமும் எடுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். அளவு மாறவில்லை என்றால், குத்தியவரிடமே போய்க் குட்டையான கம்பியாக மாற்றிக்கொள்ளலாம். பாதிப் புடைப்பு அதிலேயே அடங்கிவிடும். அளவு குறைகிறது, மேல்தோல் மினுமினுப்பாகவோ செதில் உதிர்ந்தோ இருக்கிறது, உலோகத்தின் நிறம் தோல் வழியே நிழலாடுகிறது, துளை வாய் அகன்று கம்பி தளர்வாக ஆடுகிறது என்றால் அம்மா சொல்வதுதான் சரி. அரை சென்டிமீட்டர் தோல்தான் மிச்சம் என்ற நிலையில் யார் வந்தாலும் நான் கழற்றச் சொல்லிவிடுவேன். இப்போது எடுத்தால் இரண்டு புள்ளித் தழும்பு. தானாக அறுத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டால் நீளமான கோடு.

பொருக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். புண் ஆறும்போது கசிகிற நிணநீர் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். சீழ் வேறு: கெட்டியாக, கடும் மஞ்சளாகவோ பச்சையாகவோ, நாற்றத்தோடு வரும், சுற்றிலும் சூடும் தெறிக்கிற வலியும் இருக்கும். புடைப்பும் கீலாய்டாக, அதாவது அளவுக்கு மீறித் தடித்து வளர்கிற தழும்பாக, இருக்க வாய்ப்புக் குறைவு. கீலாய்டு பெரும்பாலும் மாதங்கள் கழித்துத் தொடங்கி, புண்ணின் எல்லையைத் தாண்டிப் படரும். உங்களுடையது எதையாவது பிடிக்கும்போது அழுந்துகிற பக்கத்தில் வந்திருக்கிறது. உராய்வுப் புடைப்பு என்றே நினைக்கிறேன்.

ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கிற செல்களையும் கொல்லும். பயன்படுத்த வேண்டியது 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர். மருந்துக்கடையில் கிடைக்கும். வீட்டில் உப்புக் கரைத்தால் பெரும்பாலும் அளவு கூடிப்போய்த் தோல் வறண்டு வெடிக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சலைனில் நனைத்த காஸ் துணியைப் பொருக்கின்மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். ஊறித் தானாக வருவதை மட்டும் துடைத்தெடுங்கள். நகத்தால் கிள்ள வேண்டாம். பஞ்சும் வேண்டாம், அதன் நூல் கம்பியில் சிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பியைச் சுழற்று என்று யாராவது சொல்வார்கள். சுழற்றினால் காய்ந்த பொருக்கு உள்ளே போய்ப் புதுத்தோலைக் கீறும், அவ்வளவுதான் பலன்.

ஈரம் இன்னொரு தொல்லை. கையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறோம்! ஒவ்வொரு தடவையும் கம்பியின் குமிழுக்கு அடியில் சோப்பு தங்கும். நன்றாக அலசி, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் தேய்க்க, குளியலறை கழுவ, மண்ணில் கைவைக்க உறை போட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் குளம் இப்போதைக்கு வேண்டாம். எடை தூக்கும் உடற்பயிற்சியும் வேண்டாம்.

கம்பி என்ன உலோகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்புக்குள் பொருத்துவதற்கான தரத்து டைட்டானியம் என்றால் நல்லது. அந்தத் தரத்தின் குறியீடாக ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று குறித்திருக்கும். சர்ஜிக்கல் ஸ்டீல் என்ற பெயரைக் கேட்டு நம்பிவிட வேண்டாம், அதிலும் நிக்கல் உண்டு. வலியைவிட அரிப்பு அதிகம், சுற்றிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம் என்றால் நிக்கல் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்.

கை என்பதால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அந்த இடுக்குத் தோலுக்கு அடியில் கட்டைவிரலை இயக்கும் தசைகளும், ரத்தக் குழாய்களும், நரம்புக் கிளைகளும், உள்ளங்கையின் ஆழத்துக்குப் போகிற இடைவெளியும் இருக்கின்றன. கிருமி அங்கே இறங்கினால் சில மணி நேரத்தில் நிலைமை மாறும். வீக்கம் இடுக்கைத் தாண்டிப் பரவுவது, கட்டைவிரலை வீக்கம் வெளிப்பக்கம் தள்ளுவது, விரல் முழுதும் உப்பி மடங்கியே இருந்து நிமிர்த்தினால் உயிர்போவது, மணிக்கட்டுக்கு மேலே சிவப்புக் கோடு ஏறுவது, காய்ச்சல், குளிர், விரல்நுனி மரத்துப்போவது: இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். அந்தக் கையில் மோதிரம் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், வீங்கினால் வெட்டித்தான் எடுக்க முடியும். ஆனால் சீழ் இருக்கும்போது பியர்சிங் கம்பியை நீங்களாக உருவ வேண்டாம். வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடும். எப்போது எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். சர்க்கரை நோயோ, இதய வால்வுக் கோளாறோ இருந்தால் இவ்வளவு தூரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சிவந்தவுடன் காட்ட வேண்டும்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். குத்தியபோது உறை பிரித்த புது ஊசியா என்று கண்ணால் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்துவிடுங்கள். ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து, கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கிற நான்காம் தலைமுறை எச்ஐவி சோதனைக்கு 45 நாள் தாண்டினால் போதும்; உங்களுக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது, இந்த வாரமே கொடுக்கலாம். ஹெபடைடிஸ் சோதனைகளை மட்டும் ஆறாம் மாதம் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

எப்போது ஆறும் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் சரியாகப் போனாலும் மாதக் கணக்கில் ஆகும், கடைசிவரை முழுதாக ஆறாமலே கழற்றுபவர்களும் நிறைய. மூன்று வாரம் அளந்து பாருங்கள். குறையாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லலாம். குறைந்தால், சீழ் எதுவும் இல்லாத ஒரு நாளில் எடுத்துவிட்டு, வாய் மூடும்வரை அதே சலைனைத் தொடருங்கள். குமிழ் இறுகிக் கழலாமல் இருந்தால் குத்தியவரிடமே போங்கள். வீட்டுக் குறடு வேண்டாம்.