நைல் வெள்ளத்தை எகிப்தியர்கள் ஏன் அளந்தார்கள்?

மழை அரிதாகவே பெய்யும் நாட்டில் வெள்ளத்தை முழக்கணக்கில் அளந்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டின் விளைச்சலும் வரியும் அந்த அளவைப் பொறுத்தே இருந்தன.

அந்நாளில் எத்தியோப்பிய மலைகளின் கோடை மழையால் நைல் ஜூன் கடைசியில் ஏறத் தொடங்கி, செப்டம்பர் வாக்கில் உச்சம் தொடும். தெற்கு எகிப்தின் அஸ்வான் நகரை ஒட்டிய எலிஃபன்டைன் தீவில், ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரில் அளவுக்கோடுகளை இன்றும் பார்க்கலாம் (இப்போது இருப்பது பிற்காலத்தது). ஒரு முழம் சுமார் 52.5 செ.மீ.; அதாவது 28 விரல். 12 முழம் ஏறினால் பஞ்சம், 16 என்றால் செழிப்பு என்று ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார்.

வேலையெல்லாம் கரையில்தான். வயல்களைச் சுற்றி மண்கரை கட்டி, வாய்க்காலை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டு, ஒன்றரை மாதம் போலத் தேக்குவார்கள். வண்டல் படியும், உப்பு கரைந்து போகும். பிறகு வடித்துவிட்டு, ஈரச்சேற்றில் கோதுமையும் பார்லியும் தூவி, ஆடுகளை விட்டு மிதிக்க வைப்பார்கள். வெள்ளம் குறைந்தால் மேட்டுவயல் தரிசு. மிஞ்சினால் கரை உடைந்து ஊரே போகும். வடிய நாளானாலும் விதைப்பு தள்ளிப்போகும்.

இத்தனையும் தங்கள் கையில் இல்லை என்பதால்தான் வெள்ளத்தையே ஹாபி என்று தெய்வமாக்கினார்கள்: தொந்தியும் தொங்கும் மார்பும் கொண்ட ஆண் உருவம். எலிஃபன்டைனில் க்னும் கடவுளே வெள்ளத்தைத் திறந்துவிடுவதாக நம்பினார்கள்.

1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வண்டல் வயலுக்கு வருவதில்லை. உரம் போட வேண்டியிருக்கிறது, மண்ணில் உப்பும் தங்குகிறது.