விமானப் பயணிகள் ‘தரையிறங்கினார்கள்’ என்று எழுதலாமா?

கப்பல், விமானம், ரயில் மூன்றையும் விட்டு வெளியேறுவதற்குத் தமிழில் ஒரே வினைச்சொல் போதுமா, விமானத்துக்கு மட்டும் ‘தரையிறங்கு’ என்று எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இறங்கு’ என்பதே மூன்றுக்கும் பொருந்தும்; ‘தரையிறங்கு’ என்பது விமானத்தின் செயலே அன்றிப் பயணியின் செயல் அன்று. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் விக்ரம் கலம் தரையிறங்கியது என்பது சரியான வழக்கு. ஆனால், விமானம் தரையிறங்கி ஓடுபாதையை விட்டு வந்து நின்று, படிக்கட்டோ இணைப்புப் பாலமோ பொருத்தப்பட்ட பிறகே பயணிகள் இறங்குகிறார்கள்.

கப்பலுக்கு மட்டும் ‘கரையிறங்கு’ என்ற தனிச்சொல் உண்டு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடுத்துக் கரையிறங்கினார் என்று எழுதுவது பொருத்தமானது. அன்றாடப் படகுப் பயணத்துக்கு அது சற்று மிகை என்பது என் கருத்து.

வேற்றுமை உருபில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘ரயிலிலிருந்து இறங்கினேன்’, ‘ரயிலை விட்டு இறங்கினேன்’ இரண்டும் சரி. ‘விழுப்புரத்தில் இறங்கினேன்’ என்றால் ‘இல்’ இறங்கிய இடத்தைக் குறிக்கிறது. அதனால்தான் ‘ரயிலில் இறங்கினேன்’ என்னும் தொடர் காதுக்கு உறுத்துகிறது. ‘ஏறு’ என்பதற்கு இச்சிக்கல் இல்லை. ‘ரயிலில் ஏறினேன்’ என்பதே இயல்பு.

பிறர் நம்மை இறங்கச் செய்தால் ‘இறக்கு’ என்று மெல்லினம் (‘ங்’) வல்லினமாக (‘க்’) மாறும்: பயணச்சீட்டு இல்லாதவரை அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.